சேலத்து வீட்டில் ஒரு ஹைபிரிட் டீ ரோஜா: அதிகம் மெனக்கெடாமல் வளர்க்க

"ரோஜாவா? அது நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்காதுங்க" என்று சேலத்தில் பலரும் சொல்லிவிடுவார்கள். தாங்கும். எந்த ரகம், எந்த இடம், எந்த மண் என்பதை மட்டும் நடுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். அது சரியாக அமைந்துவிட்டால் அப்புறம் தண்ணீர் விடுவது போக வாரத்துக்குக் கால் மணி நேரம் போதும். அமையாவிட்டால் மருந்துக் கடைக்கும் நர்சரிக்கும் அலைந்தே பொழுது போய்விடும். அதனால்தான் இந்தக் கட்டுரையில் பாதி, செடி மண்ணுக்குள் போவதற்கு முந்தைய வேலைகளைப் பற்றியே பேசுகிறது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். கண்டுகொள்ளவே தேவையில்லாத பூச்செடி வேண்டும் என்றால் பனமரத்துப்பட்டிப் பக்கம் தோட்டம் தோட்டமாகப் பூக்கிறதே, அந்த அரளியை வையுங்கள். ஹைபிரிட் டீ அந்த அளவுக்குச் சாது கிடையாது. கொஞ்சம் கவனிப்பு கேட்கும்.

எது ஹைபிரிட் டீ?

வ.உ.சி. மார்க்கெட்டில் எடை போட்டு விற்கிற பன்னீர் ரோஜாவும், மாலையில் கோக்கும் பட்டன் ரோஜாவும் வேறு வகை. அவை கொத்தாகப் பூக்கும், செடி புதராக அடையும். ஹைபிரிட் டீ என்பது நீளமான காம்பின் நுனியில் பெரும்பாலும் ஒற்றைப் பூவாக, கூர்மையான பெரிய மொட்டோடு வருவது. விரியும்போது இதழ்களின் விளிம்பு வெளிப்பக்கமாக மடங்கும். பூங்கொத்துக் கடையில் ஒற்றை ரோஜா என்று கேட்டால் எடுத்துத் தருவது இந்த வடிவம்தான்.

1867இல் பிரான்சில் கியோ என்ற நர்சரிக்காரர் வெளியிட்ட 'லா ஃபிரான்ஸ்' என்ற ரோஜாவைத்தான் இந்த வகையின் முதல் செடி என்று கணக்கில் வைக்கிறார்கள். ஐரோப்பாவில் ஏற்கெனவே இருந்த, குளிர் தாங்கும் ரோஜாக்களையும் சீனாவிலிருந்து போன டீ ரோஜாவையும் கலந்து வந்த வாரிசு. அந்த டீ ரோஜா வெப்பத்துக்குப் பழகியது, வருஷம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பூப்பது. நமக்குச் சாதகமான குணமெல்லாம் அந்த வழியில் வந்தவை. நம் நாட்டிலும் இதில் பெரிய உழைப்பு நடந்திருக்கிறது. கோதுமை ஆராய்ச்சியாளரும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநருமான பி.பி. பால், கோதுமை நேரம் போக மீதி நேரத்தில் ரோஜா ரகங்களை உருவாக்கிக்கொண்டே இருந்தவர்.

மலை வேறு, அடிவாரம் வேறு

ஏற்காடு போய்விட்டு வரும்போது கையில் ஒரு ரோஜாத் தொட்டியோடு இறங்குவது நம் ஊர் வழக்கம். மேலே இருந்தபோது ஐந்து பூவோடு நின்ற செடி, வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் இலை கொட்டி நிற்கும். "ராசி இல்லை" என்று மொட்டை மாடி மூலையில் வைத்துவிடுவார்கள். இதில் ராசிக்கு வேலையே இல்லை. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் செடி வேறொரு காலநிலைக்கு வந்துவிடுகிறது. மேலே கோடையிலும் வெப்பம் 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கீழே சித்திரை மாதத்தில் 40ஐத் தொடுவது சாதாரணம்.

அதனால் நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ அதற்குத் தக்க எதிரியைத் தெரிந்துகொள்ளுங்கள். சேலத்தில் ரோஜாவுக்குத் தொந்தரவு வெயிலும் உப்புத் தண்ணீரும். ஏற்காட்டில் தொந்தரவு பனிமூட்டமும் ஈர இலையும். கீழே இலைச்சாறு உறிஞ்சும் சிலந்திப்பேன், மேலே கரும்புள்ளி என்ற இலை நோய். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் ரகம், இடம், தண்ணீர், மருந்து எல்லாவற்றையும் அதிலிருந்தே முடிவு செய்யலாம்.

மலையில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று மனசு கேட்டால், கோடை விழாக் கூட்டத்தில் மே மாதம் வாங்காதீர்கள். ஐப்பசிக்கு மேல் வாங்குங்கள். கீழே கொண்டுவந்ததும் நேரே வெயிலில் வைக்காமல் பத்து நாள் வேப்ப மர நிழல் போல வெளிச்சம் மட்டும் விழும் இடத்தில் வைத்து, பிறகு காலை வெயிலுக்கு நகர்த்துங்கள்.

இடம்: ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்

ரோஜாவுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் சேலத்தில் எந்த ஆறு மணி நேரம் என்பது முக்கியம். காலை ஆறரையிலிருந்து பன்னிரண்டரை வரை விழும் வெயில் செடியை வளர்க்கும். மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை விழுவது பூவைக் கருக்கும். ஆகவே வீட்டின் கிழக்குப் பக்கம் முதல் தேர்வு. மேற்கு பார்த்த சுவரை ஒட்டி வைக்கவே வேண்டாம். பகல் முழுக்கச் சூட்டை வாங்கிய சுவர் ராத்திரி ஒன்பது மணி வரை அதைத் திருப்பித் தந்துகொண்டே இருக்கும். செடிக்கு ஓய்வே கிடைக்காது.

அஸ்தம்பட்டி, அழகாபுரம் பக்கத்து வீடுகளில் காம்பவுண்டுச் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே நாலடி சந்து இருக்கும். அதுவே போதும், வெயில் விழுந்தால். ஒரு விடுமுறை நாளில் காலை ஏழு, ஒன்பது, பதினொன்று, ஒன்று, மூன்று மணிக்கு அந்த இடத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். ஊகத்தைவிட இது நம்பகமானது.

மொட்டை மாடியில்தான் இடம் என்றால், கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வேண்டாம். மண் தொட்டியோ, வெள்ளை நிற வளர்ப்புப் பையோ எடுங்கள். பதினான்கு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. தளத்தில் நேரடியாக வைக்காமல் மூன்று செங்கல் போட்டு அதன்மேல் தூக்கி வையுங்கள். பங்குனி, சித்திரையில் மட்டும் மதியத்துக்கு மேல் நிழல் விழுகிறபடி ஐம்பது சதவீதப் பச்சை நிழல்வலை கட்டினால் போதும்.

ஏற்காட்டில் கதை தலைகீழ். அங்கே முழு வெயில் விழும், காற்று ஓடும் இடமாகப் பாருங்கள். காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் நிழலில் வைத்தால் இலை காயவே காயாது. சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளி நடுங்கள்.

ரகமும் செடியும்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரே ஒரு செடி வாங்குங்கள். அதிகம் போனால் இரண்டு. ஆறு நிறம் வேண்டும் என்று ஆறு செடியை ஒரே நாளில் இறக்கினால் கவனிக்க முடியாது.

'கிளாடியேட்டர்' என்று கேளுங்கள். அடர்ந்த ரோஜாச் சிவப்பு, நீளமான காம்பு, முரட்டுச் செடி. பசுமைக்குடில் பரவலாவதற்கு முன்பு திறந்தவெளியில் வியாபாரத்துக்கே பயிரிட்ட ரகம் என்பதால் வெயில், மழை இரண்டும் பார்த்தது. அடுத்தது 'குயின் எலிசபெத்', 1954இல் வந்தது. இளஞ்சிவப்பு, முள் குறைவு, நோய் குறைவு, ஆனால் ஆளுயரம் போகும், மணமும் லேசாகத்தான் இருக்கும். கறாராகப் பார்த்தால் அது கிராண்டிஃபுளோரா என்ற பக்கத்து வகை, நர்சரியில் எல்லாவற்றையும் ஒன்றாகவே அடுக்கியிருப்பார்கள்.

மணம்தான் வேண்டும் என்பவர்களுக்கு 1960களில் வந்த 'மிஸ்டர் லிங்கன்' இருக்கிறது. கருஞ்சிவப்பு, வாசனை தூக்கலாக இருக்கும். கருஞ்சிவப்பு இதழ்கள் மதிய வெயிலில் சீக்கிரம் கருகும் என்பதால் கிழக்குப் பக்கம் இடம் இருந்தால் மட்டும் வாங்குங்கள். 1977இல் வெளிவந்த 'டபுள் டிலைட்' கண்ணைப் பறிக்கும். வெண்ணெய் நிறத்தில் விரிந்து, வெயில் பட்ட இதழ் சிவந்துகொண்டே போகும். ஆனால் அதற்குச் சாம்பல் நோய் வரும், மலையில் இருப்பவர்கள் முதல் செடியாக இதை எடுக்க வேண்டாம். உலகப் போர் முடிந்த 1945இல் பெயர் சூட்டப்பட்ட 'பீஸ்' ரோஜாவுக்கும் அதே எச்சரிக்கை, அதற்குக் கரும்புள்ளி பிடிக்கும். பெயர் தெரியாமல் "டச்சு ரோஸ்" என்று மட்டும் சொல்லி விற்பதைத் தவிர்க்கலாம். பூங்கொத்தில் வந்த ஓசூர் 'தாஜ்மஹால்' காம்பை ஒடித்து மண்ணில் குத்தி வளர்க்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். பசுமைக்குடிலுக்கென்று உருவான ரகம் அது, வேறொரு முரட்டு ரோஜாவின் வேர்மேல் ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரில் திணறும்.

நர்சரியில் பூவைப் பார்க்காதீர்கள், அடித்தண்டைப் பாருங்கள். ஒட்டுக் கட்டிய இடம் ஒரு முடிச்சு மாதிரி தடித்துத் தெரியும். அந்த முடிச்சுக்கு மேலே பென்சில் பருமனில் குறைந்தது இரண்டு கிளை, வெவ்வேறு திசையில் கிளம்பியிருக்க வேண்டும். தண்டில் கறுப்புத் தடம் ஏதாவது மேலிருந்து கீழே இறங்குகிறதா? அப்படியானால் வேண்டாம். இலையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். தூசி போல் ஏதோ ஊர்ந்தால் அந்த வரிசையையே விட்டுவிடுங்கள். பூத்து நிற்பதைவிடப் புதுத்துளிர் சிவப்பாக வந்துகொண்டிருக்கும் செடி மேல். "அண்ணா, பூ இல்லாட்டிப் பரவால்ல, அடி நல்லா இருக்கறதா ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் நர்சரிக்காரருக்கும் நீங்கள் விவரமான ஆள் என்று தெரிந்துவிடும்.

மண்ணும் தண்ணீரும்

இதில்தான் நம் ஊர் ரோஜாக்கள் பெரும்பாலும் தோற்கின்றன. ரோஜாவுக்கு லேசான புளிப்புள்ள மண் பிடிக்கும். அமில காரத்தன்மை (pH) 6 முதல் 6.5 வரை இருந்தால் உத்தமம், 7 வரை பரவாயில்லை. சேலத்தில் பல இடங்களில் செம்மண்ணுக்குக் கீழே சுக்கான் என்ற சுண்ணாம்புக் கல் படிந்திருக்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் கடினம், வாளியில் வெள்ளைப் படிவம் ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டும் மண்ணைக் காரமாக்கும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாமல் போகும். அதன் அடையாளம்: இளம் இலை மஞ்சளாகிவிடும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு கைப்பிடி மண்ணை வெயிலில் காயவைத்து, உதிர்த்து, கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு இரண்டு ஸ்பூன் வினிகர் ஊற்றுங்கள். காதைப் பக்கத்தில் வையுங்கள். சுர்ரென்று நுரைத்தால் சுண்ணாம்பு தாராளமாக இருக்கிறது. சும்மா ஈரமானால் கவலை இல்லை. சரியான எண் வேண்டும் என்றால் சந்தியூரில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண் பரிசோதனை பற்றி விசாரியுங்கள்.

நுரைக்கிற மண் என்றால் மூன்று விஷயம். நிலத்தில் நடுவதைவிடத் தொட்டியில் வைப்பது நல்லது, மண் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். இரண்டாவது, முட்டை ஓடு போடாதீர்கள். எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள் என்று சுண்ணாம்பு மண்ணில் இன்னும் சுண்ணாம்பு சேர்ப்பதில் அர்த்தம் இல்லை. மூன்றாவது, இலை மஞ்சளானால் இரும்புச் சத்துள்ள அன்னபேதி உப்பை (ஃபெரஸ் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு, சாயங்காலம் இலையில் தெளியுங்கள். பத்து நாள் விட்டு இன்னொரு முறை. சுவரிலும் டைல்ஸிலும் பட்டால் துருக்கறை போகாது, பார்த்துச் செய்யுங்கள்.

எப்சம் உப்பு பற்றியும் ஒரு வார்த்தை. அது மெக்னீசியம் சல்பேட். சேலம் மேக்னசைட் சுரங்கங்களை ஒட்டிய பகுதி மண்ணில் மெக்னீசியம் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். அங்கே குடியிருப்பவர்கள் ரோஜாவுக்கு மாதாமாதம் எப்சம் உப்பு போடுவது பணத்துக்குப் பிடித்த கேடு.

தண்ணீரைப் பொறுத்தவரை மாநகராட்சிக் குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீர் முதல் தரம். மழைத் தண்ணீர் அதற்கும் மேல். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாம், அதில் உப்பே இருக்காது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை மட்டும் ரோஜாவுக்கு ஊற்றவே கூடாது. வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதை வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டு மண் இயல்பிலேயே புளிப்பு. அங்கே அன்னபேதி வேண்டாம், முட்டை ஓட்டுத் தூள் தாராளமாகப் போடலாம்.

நடுவது

சேலத்தில் ஆடி முதல் தை வரை நடலாம். அடைமழை நாட்களைத் தவிர்த்துப் புரட்டாசிக்குப் பிறகு நட்டால் செடி கோடைக்கு முன் வேர் பிடித்துவிடும். மாசிக்கு மேல் நடவே வேண்டாம். மலையில் மழை ஓய்ந்து தை, மாசியில் நடுவது வசதி.

நிலத்தில் என்றால் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் அதே அளவு. தோண்டிய குழியை ஒரு வாரம் வெயிலில் ஆறப்போடுங்கள். மேல்மண்ணோடு நன்றாக மக்கிய தொழு உரம் எட்டுப் பத்துக் கிலோ, வேப்பம் புண்ணாக்கு 200 கிராம் கலந்துகொள்ளுங்கள். உரம் கையில் எடுத்தால் மண் வாசம் வர வேண்டும். சாணி வாசம் வந்தால் அது இன்னும் மக்கவில்லை, அதில் வெள்ளைப் புழு இருக்கும், வேரைத் தின்னும். எலும்புத் தூள் நூறு கிராம் சேர்ப்பார்கள். வினிகரில் நுரைக்காத மண்ணுக்கு அது சரி, நுரைக்கிற மண்ணில் அது கரையாமல் கிடக்கும், விட்டுவிடலாம். தொட்டிக்குச் செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு அரைப் பங்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும், இல்லையென்றால் அதில் இருக்கும் உப்பு சேர்ந்துவிடும்.

ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்துக் கடியத்திலிருந்து வரும் செடிகளில் ஒரு சிக்கல் உண்டு. பையைக் கிழித்தால் வேரைச் சுற்றிக் கெட்டியான களிமண் உருண்டை இருக்கும். வெகுதூரம் லாரியில் போவதற்கு அது தேவைதான். ஆனால் அப்படியே நட்டால் தண்ணீர் உருண்டையைச் சுற்றி ஓடிவிடும், நடுவில் வேர் காய்ந்தே கிடக்கும். அல்லது மழையில் சொதசொதவென்று அழுகும். அதனால் பையோடு ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டுப் பையைப் பிரியுங்கள். வெளிப்பக்கக் களிமண்ணை விரலால் மெதுவாகக் கரைத்து எடுங்கள். பாதி உருண்டை கரைந்து, வெள்ளை வேர் நுனிகள் வெளியே தெரிந்தால் போதும். மொத்தத்தையும் அலசி வேரை அம்மணமாக்க வேண்டாம். வேலை முழுவதும் நிழலில் நடக்கட்டும்.

ஒட்டு முடிச்சு மண்மட்டத்துக்கு மேலே இரண்டு விரல்கடை உயரத்தில் நிற்க வேண்டும். குளிர் நாட்டு வீடியோக்களில் அதைப் புதைக்கச் சொல்வார்கள், உறைபனி இல்லாத நமக்கு அது தேவையில்லை. மண்ணை அணைத்து, தண்ணீர் ஊற்றி, ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். மாவிலைச் சருகோ, கரும்புச் சோகையோ, தேங்காய் மட்டை நறுக்கோ இரண்டு மூன்று அங்குலத்துக்கு மூடாக்குப் போடுங்கள், தண்டைத் தொடாமல். குறைந்த பராமரிப்பு என்று சொல்வதில் பாதி இந்த மூடாக்குதான். களையும் வராது, தண்ணீரும் பாதி மிச்சம்.

அப்புறம் ஒரு கஷ்டமான வேலை. முதல் இரண்டு மாதம் வரும் மொட்டுகளைப் பட்டாணி அளவில் இருக்கும்போதே கிள்ளிவிட வேண்டும். வீட்டில் யாராவது சண்டைக்கு வருவார்கள். கிள்ளுங்கள். அந்தச் சத்து வேருக்கும் புதுக் கிளைக்கும் போகட்டும்.

அன்றாடம்

காலையில், அடியில், நிறைய. தண்ணீர் விடுவதற்கு இந்த மூன்று சொல் போதும். நிலத்துச் செடிக்கு வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நாலைந்து லிட்டர். தொட்டிக்குக் கோடையில் தினமும் இரண்டு லிட்டர் வரை. மழை நாட்களில் விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் அன்று விடுமுறை. சாயங்காலம் ஹோஸ் பைப்பை எடுத்துச் செடியைத் தலையோடு குளிப்பாட்டும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. மாமியார் செய்தாலும் பக்குவமாகச் சொல்லி நிறுத்துங்கள். கரும்புள்ளிப் பூசணம் முளைக்க இலை ஏழு மணி நேரமாவது தொடர்ந்து ஈரமாக இருக்க வேண்டும். ராத்திரி முழுக்க ஈரமாக வைத்தால் நாமே அதற்குப் பாய் விரித்த மாதிரி.

உரம் எளிது. மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீரில் கரைத்து ஊற்றினால் செடி சட்டென்று துளிர்க்கும், நாற்றத்தையும் பெருச்சாளியையும் சமாளிக்க முடிந்தால். சித்திரை, வைகாசியில் உரத்தை நிறுத்திவிடுங்கள்.

வாடிய பூவைச் செடியில் விடக் கூடாது. பூவுக்குக் கீழே முதலில் மூன்று இலைக்கூறு உள்ள இலைகள் இருக்கும். அதற்கும் கீழே ஐந்து கூறுள்ள இலை, வெளிப்பக்கம் பார்த்தபடி எது இருக்கிறதோ அதற்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள். அந்த இலைக்கணுவிலிருந்து புதுக் கிளை கிளம்பி, சேலத்தில் ஏறக்குறைய நாற்பது நாற்பத்தைந்து நாளில் அடுத்த பூ. மலையில் இன்னும் பத்துப் பதினைந்து நாள் கூடுதலாகப் பிடிக்கும். கோடையில் வரும் பூ சிறுத்து, இரண்டு நாளில் உதிரும். அது செடியின் குறை இல்லை.

ஒட்டு முடிச்சுக்குக் கீழிருந்து கிளம்பும் கிளையை மட்டும் விடவே கூடாது. அது ஒட்டுக்கு வேராக இருக்கும் அடிச்செடியின் போத்து, அதாவது அதன் சொந்தக் கிளை. படுவேகமாக வளரும், பார்க்கச் செழிப்பாகவும் இருக்கும். "சிவப்பு வாங்கினேன், ஒரே வருஷத்தில் சின்னச் சின்ன ரோஸ் நிறப் பூவாகிவிட்டது" என்ற புகாருக்குக் காரணம் இதுதான். ஏழு இலைக்கூறு இருந்தால் போத்து என்று சொல்லும் கணக்கை முழுக்க நம்ப வேண்டாம், எங்கிருந்து கிளம்புகிறது என்று மண்ணை விலக்கிப் பாருங்கள். கத்தரியால் வெட்டினால் திரும்ப வரும், கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்து எடுங்கள்.

கவாத்து

வருஷத்தில் ஒரே ஒரு பெரிய வேலை. சேலத்தில் வடகிழக்குப் பருவமழை ஓயும் நேரம், கார்த்திகை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் கடைசி வாரத்தில் வெட்டினால் பொங்கலை ஒட்டிப் பூ வந்துவிடும். நட்ட முதல் வருஷம் கவாத்து வேண்டாம்.

கத்தரியை முதலில் டெட்டால் தண்ணீரில் துடையுங்கள். காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, பென்சிலைவிட மெலிந்த கிளை எல்லாம் போகட்டும். மிச்சம் நாலைந்து நல்ல கிளை இருந்தால் போதும். அவற்றைப் பாதி உயரத்துக்கு, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். வெட்டுவாயைப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ இருக்க வேண்டும், பழுப்பாக இருந்தால் இன்னும் ஒரு அங்குலம் இறங்குங்கள். வெட்டிய நுனிகளில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூசணக்கொல்லியைக் குழைத்துத் தடவிவிடுங்கள், இல்லையென்றால் நுனி கருகிக் கீழ்நோக்கி இறங்கும். பழைய இலைகளை உருவி, உதிர்ந்ததையும் கூட்டி அப்புறப்படுத்துங்கள். அடுத்த நாள் மண்ணை லேசாகக் கொத்தி, ஒரு கூடை தொழு உரம் போட்டுத் தண்ணீர் விடுங்கள். தொட்டிக்கு அதில் கால் பங்கு.

பங்குனிக்கு மேல் ஆடி வரை பெரிய வெட்டு எதுவும் கூடாது. இலை இருந்தால்தான் தண்டுக்கு நிழல்.

பூச்சியும் நோயும்

சேலத்தில் கோடையில் இலை சாம்பல் பூத்து, பொடிப்பொடியாக வெளுத்துப்போனால் வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் சிவப்புச் சிலந்திப்பேன். மருந்தைத் தேடி ஓட வேண்டாம். காலை எட்டு மணிக்குள் இலையின் அடிப்பக்கம் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். மூன்று நாள் விட்டு மறுபடியும், இப்படி நாலைந்து முறை. வெயிலில் இலை உடனே காய்ந்துவிடும் என்பதால் பயமில்லை.

மொட்டின் விளிம்பு பழுப்பாகி விரியாமல் நின்றால் இலைப்பேன். அந்த மொட்டுகளைக் கிள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். வேப்ப எண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கரைய ஒரு ஸ்பூன் காதி சோப்புக் கரைசல், வாரம் ஒருமுறை சாயங்காலம். அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் இதுவே போதும். இலையில் வளையல் துண்டு மாதிரி வட்டமாக வெட்டியிருந்தால் அது இலைவெட்டித் தேனீ. கூடு கட்ட எடுத்துப் போயிருக்கிறது, விட்டுவிடுங்கள்.

மலையில் ஆனி முதல் கார்த்திகை வரை கரும்புள்ளிக் காலம். புள்ளி விழுந்த இலையைப் பார்த்தவுடன் பறித்து எரியுங்கள், கீழே உதிர விடாதீர்கள். பரவினால் மேன்கோசெப் என்ற பூசணக்கொல்லி லிட்டருக்கு 2 கிராம், பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில், கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு. மாவு தூவியது போன்ற சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருக்கும் நாளில் கந்தகம் அடித்தால் இலை தீய்ந்துவிடும், எனவே கீழே கோடையில் அதைத் தொடவே வேண்டாம். பூவைச் சாமிக்கும் தலைக்கும் வைப்பதோடு குல்கந்தும் போடும் வீடு என்றால் வேப்ப எண்ணெயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மே மாதம் ஒரு வாரம் ஊருக்குப் போக வேண்டியிருந்தால், கிளம்புவதற்கு முந்தின நாள் எல்லாப் பூவையும் மொட்டையும் வெட்டிவிடுங்கள். தொட்டியை வடக்குப் பக்க நிழலுக்கு நகர்த்தி, மூடாக்கை இரட்டிப்பாக்கி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரை உயரமாக வைத்து, பழைய வேட்டித் துணியைத் திரியாக முறுக்கி ஒரு நுனியை வாளியிலும் மறு நுனியை மண்ணிலும் புதைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது இலை கொட்டியிருந்தாலும் கத்தரியைத் தூக்காதீர்கள். தண்டின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பச்சை தெரிந்தால் தண்ணீர் மட்டும் விட்டுக் காத்திருங்கள், இரண்டு மூன்று வாரத்தில் துளிர்த்துவிடும். உரம் அந்தத் துளிர் இலையாக விரிந்த பிறகு.